நாள்வாழ்வில் தியானம்: சைவ ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சிவமயம்

சைவசமய பாடங் கற்பிக்கும் ஆசிரியர்களும், ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலை நடாத்தும் தொண்டர்களும் எம்மை அடிக்கடி வினவும் வினா ஒன்றுண்டு. "தியானஞ் செய்தல் வேண்டுமென்று நூல்கள் விதிக்கின்றன. விடியுமுன் எழுந்து, வீட்டுக் கருமம் முடித்து, பேருந்துக்குக் காத்து நின்று, நாற்பது பிள்ளைகளின் நடுவே பகலைக் கழித்து, இரவிற் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக் கண்ணயரும் எமக்குத் தியானத்துக்குப் பொழுது ஏது?" என்பதே அவ்வினா.

இவ்வினா நியாயமானதே. ஆயினும் இதன் உள்ளே ஒரு பிழையான கருத்து மறைந்து கிடக்கின்றது. தியானம் ஒரு கருமம், கற்பித்தல் வேறொரு கருமம், ஒன்றுக்குக் கொடுத்த பொழுது மற்றொன்றுக்கு நட்டம் என்பதே அக்கருத்து. அஃது அவ்வாறன்று என்பதை இயன்றவளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. தியானமாவது யாது?

யோகத்துக்கு உறுப்பு எட்டு என்பர். அவை இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பனவாம். திருமூலதேவர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் இவற்றை முறையாக வகுத்துரைத்தனர். இவ்வெட்டனுள் தியானம் ஏழாவதாக நிற்றலை ஆசிரியர்கள் ஊன்றி நோக்குக. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியன முன்னே நிற்ப, கண்ணை மூடியிருத்தல் பின்னே வருகின்றது. ஒழுக்கமாகிய அத்திவாரமின்றி எழுப்புந் தியானம் மணன்மேற் கட்டிய சுவரேயாம்.

இனி, பிரத்தியாகாரமாவது புலன்வழி ஓடிய மனத்தை மீட்டல். தாரணையாவது மீட்ட மனத்தை ஓரிடத்து நிறுத்தல். தியானமாவது நிறுத்திய மனம் இடையறாது அவ்வொன்றன்மேலே ஒழுகுதல். இவ்வேற்றுமையை அறியாமையாலே பலர் மனந்தளர்கின்றனர். "யான் கண்ணை மூடினால் மனம் ஊரெல்லாஞ் சுற்றுகின்றது. எனக்குத் தியானம் வாராது" என்று கைவிடுகின்றனர். ஓடுதல் மனத்தின் இயல்பு. ஓடியதை அறிதலும் அறிந்தவுடனே மீட்டலும் பயிற்சி. நூறுமுறை ஓடினால் நூற்றோராவது முறையும் மீட்பவனே பயில்கின்றவன்.

கிழக்கிலங்கையின் வட்டைகளிலே உழவர் செய்யுந் தொழிலை நாடோறும் காண்கின்றோம். வாய்க்காலில் ஓடும் நீர் வரம்பை உடைத்துக்கொண்டு வேறு வழியே பாய்கின்றது. உழவன் மண்வெட்டியோடு சென்று உடைப்பை அடைக்கின்றான். மறுநாள் வேறோரிடத்தில் உடைகின்றது. அதனையும் அடைக்கின்றான். "உடைப்பு அடைப்பதே என் வேலையாயிற்று, வேளாண்மை செய்யப் பொழுதில்லை" என்று அவன் சொல்லுவானா? உடைப்பை அடைத்தலும் வேளாண்மையின் பகுதியே என்பதை அவன் அறிவான். மனத்தை மீட்டலும் அத்தகையதே.

2. தொழிலை விடாது நின்றோர்

நாள்வாழ்வின் நடுவே உள்ளத்தை ஒருவழிப்படுத்தல் கூடுமோ என்று ஐயுறுவார்க்குச் சேக்கிழார் அருளிய பெரியபுராணமே விடை. அங்கே கூறப்படும் அடியார்களுட் பெரும்பாலார் இல்லறத்தார். குயவர், வண்ணார், சாணார், வணிகர், உழவர் என்றிவ்வாறு தத்தந் தொழிலில் நின்றோர் பலர்.

கடற்கரையூர்ப் பிள்ளைகளுக்கு அதிபத்த நாயனார் சரிதமே முதற்கண் எடுத்துரைக்கத் தகுவது. நாகபட்டினத்துப் பரதவர் தலைவராகிய அவர், நாடோறும் வலையிற் படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டு வந்தார். பின்னர் நாளொன்றுக்கு ஒரு மீனே அகப்பட்ட காலத்தும், சுற்றத்தார் பசியால் வாடிய காலத்தும், அவ்வொன்றனையே விட்டார். முடிவிற் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீன் ஒன்று தனியே பட்டபோதும் அவர் கை தயங்கவில்லை. பலநாட் பழக்கம் அவ்வொரு கணத்திற் பயன்பட்டது. நாடோறும் சிறிதாகச் செய்யப்படும் அநுட்டானம், பெருஞ்சோதனை வரும் நாளிலே ஒருவனைத் தாங்கும் என்பது இச்சரிதத்தால் யாம் கொள்ளும் பாடம்.

திருவாரூரிற் பிறவிக்குருடராய் இருந்த தண்டியடிகள், திருக்குளத்தைத் தோண்டி அகலமாக்கும் பொருட்டு, குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். திருவைந்தெழுத்தைக் கணித்தல் அவர்க்கு வழக்கம். கையிற் பற்றிய கயிறு வழி தப்பாது காத்தது போல, நாவிற் பற்றிய எழுத்து உள்ளந் தப்பாது காத்தது என்று கொள்ளுதல் தகும்.

திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடையாமையால் மனத்தினுள்ளேயே கோயில் எடுத்தார். கல்லையும் மரத்தையும் சிந்தையிற் சேர்த்து, நாள் பார்த்து அடிநிலை இட்டு, விமானமும் மதிலும் கிணறும் முறைமுறையாய் அமைத்தார். காஞ்சியிலே காடவர்கோன் எடுத்த கற்கோயிலுக்குக் குறித்த நன்னாளை இறைவன் பூசலார்க்குக் கொடுத்து, அரசனை வேறு நாட் கொள்ளுமாறு பணித்தமை யாவரும் அறிந்ததே. பொருளில்லை என்பது பூசலார்க்குத் தடையாகவில்லை. பொழுதில்லை என்பது நமக்குத் தடையாதல் எங்ஙனம்?

3. காரைதீவு தந்த சான்று

புராண காலத்தார்க்கன்றி நம் காலத்தார்க்கு இஃது இயலுமோ என்பார்க்கு, மட்டக்களப்புத் தெற்கிலே பிறந்த ஒருவரையே சான்றாகக் காட்டுதும். மாவடிப்பள்ளியிலிருந்து வயல்வெளி நடுவே செல்லும் வீதி வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் காரைதீவு வரும். அங்கே 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள் மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்தவரே விபுலாநந்த அடிகள்.

அடிகள் முதலில் ஓர் ஆசிரியர். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்து, 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924 இல் துறவு பூண்டார். துறவு பூண்டபின் குகையைத் தேடினாரல்லர். பாடசாலைகளைத் தேடினார். கிழக்கிலே மிசன் பாடசாலைகளை மேற்பார்த்தார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். இடையே இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராயும் இருந்தார்.

இத்தனை கருமங்களின் நடுவே பண்டை யாழின் இலக்கணத்தை ஆராய்தலாகிய ஒரு நினைவை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் விடாது பற்றியிருந்தார். யாழ்நூல் 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகள் சிவபதமடைந்தார். பதினான்கு ஆண்டு ஒரு பொருளைக் கைவிடாத உள்ளத்துக்குத் தாரணை என்பதன்றி வேறென்ன பெயர் கூறுவோம்? புறத்து மலர்களை ஒவ்வொன்றாய் வினாவி, உள்ளமும் கூப்பிய கையும் நோக்கிய விழியுமே ஈசன் உவக்கும் மலர்கள் என்று காட்டிய அவர் செய்யுளைப் பிள்ளைகள் இன்றும் பாடுகின்றனர். அச்செய்யுளின் பொருளை அவர் வாழ்வினுள்ளே வைத்துக் கற்பித்தல் ஆசிரியர் கடன்.

இன்னும் ஒன்று. 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய் வந்த அறிஞர் ஏ. எம். ஏ. அசீசு அவர்களோடு அடிகள் நெருங்கிய நட்புப் பூண்டார். முசுலிம் மக்களின் கல்விக்காக அசீசு அவர்கள் எடுத்த முயற்சிகளுக்கு அந்நட்பு ஊக்கமளித்தது. உள்நோக்கிய உள்ளம் அயலாரை நோக்காது சுருங்கும் என்பது பொய் என்பதற்கு இதுவே சான்று. ஆழ்ந்த கிணறே அயலார்க்கும் நீர் தரும்.

4. ஆசிரியர் நாளும் ஐந்து நிலையும்

இனிப் பயிற்சி முறையைக் கூறுவாம். மாவடிப்பள்ளி போன்ற ஊர்களை அடுத்து வாழ்வோர் பள்ளிவாசல் வாங்கொலியை நாடோறும் ஐந்து வேளையும் கேட்கின்றனர். வயலில் நிற்பவரும் கடையில் இருப்பவரும் கைவேலையை நிறுத்தி இறைவனை நினைக்கின்றனர். வேளை தவறாமை என்னும் இவ்வொழுக்கம் எச்சமயத்தார்க்கும் கற்றற்குரியது. நம் நாளினுள்ளும் ஐந்து நிலைகளை அமைத்துக்கொள்ளுதல் கூடும்.

முதலாவது, துயிலெழுந்த நிலை. கைப்பேசியைத் தொடுமுன்னே முகங் கைகால் கழுவி, திருநீறு தரித்து, முதுகு நிமிர்ந்து பத்து நிமிடம் இருக்க. மூச்சை அடக்க முயலற்க. இயல்பாய் உள்வருவதையும் வெளிச்செல்வதையும் நோக்கி, அதனோடு திருவைந்தெழுத்தை மானசமாய்ப் பொருத்துக. செபம் மானசம், மந்தம், வாசகம் என மூவகைத்து. மனம் மிகவும் அலையும் நாளில், தன் செவிக்கு மாத்திரங் கேட்கும் மந்த செபமே எளிது.

இரண்டாவது, வழிச்செல்லும் நிலை. பேருந்திலும் ஈருருளியிலும் நடையிலும் கழியும் பொழுதை வீண்பொழுது என்னற்க. அன்று காணவிருக்கும் மாணாக்கருள் ஒருவனை நினைக்க. அவன் வீட்டு நிலை யாது, அவன் எதனாற் பின்னிற்கின்றான் என்று எண்ணுக. வண்டி செலுத்துவோர் கருத்து முழுதும் வீதியிலேயே இருத்தல் வேண்டும். அவர்க்கு அதுவே தியானம்.

மூன்றாவது, வாயில் நிலை. வகுப்பறைப் படியில் ஒரு கணம் நின்று மூன்று முறை மெல்ல மூச்செறிந்து பின் உள்ளே புகுக. நெடிதாய் வெளிவிடும் மூச்சு நாடித்துடிப்பைத் தணிக்கும் என்பது இக்கால உடற்கூற்று நூலாரும் ஒப்பிய உண்மை. முன் வகுப்பிலே மூண்ட சினத்தை இவ்வகுப்பினுட் கொண்டு செல்லாமைக்கு இப்படியே எல்லையாகுக.

நான்காவது, வெகுளி நிலை. இதுவே மிக அரியது. சினம் எழுவதை நிறுத்துதல் எளிதன்று. எழுந்ததை எழுந்தது என்று அறிதல் கூடும். அறிந்த கணத்திலே கையும் நாவும் சற்றுத் தாழ்க்கும். தாழ்த்த அவ்வொரு நொடியிலே, "ஏன்?" என்று பிள்ளையைக் கேட்க இடம் பிறக்கும்.

ஐந்தாவது, துயிலுமுன் நிலை. அன்று கற்பித்தவற்றுள் நன்றாய் நிகழ்ந்தது ஒன்று, பிழையாய் நிகழ்ந்தது ஒன்று, மறுநாள் திருத்தற்குரியது ஒன்று, என மூன்றை நினைந்து இறைவன் திருவடியில் வைத்துக் கண்வளர்க. பிழையை நினைந்து இரவெல்லாம் வருந்துதல் ஆய்வு ஆகாது.

5. யாம் செய்த பிழை

பிறர்க்கு உரைப்போர் தம் குறையை மறைத்தல் தகாது. பல ஆண்டுகளின் முன்னர் யாம் ஒரு பாடசாலையிற் கற்பித்த காலத்து, மாரிகாலக் காலையொன்றில் நெடுநேரம் செபஞ் செய்து, உள்ளம் நிறைந்ததென்னும் எண்ணத்தோடு வகுப்பினுட் புகுந்தோம். முதற்பாடம் பாதி கழிந்தபின் ஒரு சிறுவன் இடுப்பளவு நனைந்தவனாய் வாயிலில் நின்றான். காரணம் கேட்டேமல்லேம். கடிந்து பேசி, பாடம் முடியுமளவும் வெளியே நிறுத்தினோம். அவனும் ஒன்றுஞ் சொல்லாது நின்றான்.

இடைவேளையில் வேறொரு பிள்ளை உண்மையை உரைத்தது. வீதிமேல் நீர் பாய்ந்தமையால், அச்சிறுவன் தங்கையை முதுகிற் சுமந்து நீரைக் கடந்து, அவளை அவள் வகுப்பில் விட்டபின் வந்திருந்தான். அன்று காலையில் யாம் கண்ணை மூடியிருந்தது உண்மை. மூடிய கண்ணைப் பின்னர்த் திறந்தேமல்லேம் என்பதும் உண்மை. அவனை அழைத்து எம் பிழையைச் சொன்னோம். அவன் நாணிச் சிரித்துவிட்டு ஓடினான். நாற்பது நிமிட செபம் கற்பியாததை அச்சிரிப்புக் கற்பித்தது.

6. பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

தியானத்தைப் பாடசாலைகளிற் புகுத்தும் முயற்சி இன்று உலகெங்கும் நிகழ்கின்றது. அமெரிக்காவிலே மாசசூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979 இல் சோன் கபட்-சின் என்பவர் நோயாளரின் மனவழுத்தந் தணித்தற்குத் தொடங்கிய பயிற்சி எட்டு வாரப் பாடநெறியாய்ப் பல நாடுகளிற் பரவிற்று. அதன் வழிவந்த முறைகள் வகுப்பறைகளையும் அடைந்தன.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் அறியவேண்டிய ஆராய்ச்சி ஒன்றுண்டு. பிரித்தானியாவிலே எண்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளில், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்டு செய்யப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு 1922 அன்று, அண்மையில், 2022 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. சிறிது காலம் பயின்ற ஆசிரியர்கள் வகுப்பிலே கற்பித்த இப்பயிற்சி, வழக்கமான பாடத்திலும் மேலான பயனை மாணாக்கர் மனநலத்துக்குத் தரவில்லை. மாணாக்கருட் பெரும்பாலார் வீட்டிலே அதனைப் பயின்றிலர். ஆயின் ஆசிரியர்களின் சோர்வு ஓரளவு குறைந்தது.

இதனால் தியானம் பயனற்றது என்று முடித்தல் கூடாது. பாடமாக ஏற்றிவிட்டால் பயன் வந்துவிடும் என்று எண்ணுதலே பயனற்றது. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தல் கூடுமோ? ஆசிரியர் தாம் பயின்று அமைதியுற்றால், பிள்ளைகள் அதனைக் கேளாமலே கற்பர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர் நூல்களால் மாத்திரங் கற்பித்தாரல்லர். தம் அநுட்டானத்தாலுங் கற்பித்தார்.

ஆதலால், சிறு பிள்ளைகளை நெடுநேரம் கண்மூடியிருக்க வற்புறுத்தற்க. பஞ்சபுராணம் ஓதியபின் இரண்டு நிமிட மௌனம் போதும். மூச்சடக்குதல் வேண்டா. 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளிலும், நெடும்போரிலும், வெள்ளத்திலும் உற்றாரை இழந்த குடும்பங்கள் இக்கரையெங்கும் உள்ளன. அத்தகைய துயரைச் சுமக்கும் சிலர்க்குக் கண்ணை மூடிய அளவிலே அக்காட்சி மீண்டெழும். அவர்கள் கண்ணைத் திறந்தே விளக்கொளியையோ திருவுருவையோ நோக்கியிருக்கட்டும். துயர் மிகுமாயின் மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அனுப்புதலே அறம்.

7. ஐயமும் விடையும்

வினா: தியானத்திலே ஒளி, ஒலி முதலியன தோன்றாவிடின் பயனில்லையோ?
விடை: தோன்றினும் தோன்றாவிடினும் அவற்றைப் பொருட்படுத்தற்க. முன்னையினும் சினங் குறைந்ததா, பொறுமை கூடிற்றா என்பதே அளவுகோல்.

வினா: ஒருநாள் தவறின் யாது செய்வது?
விடை: மறுநாட் செய்க. தவறியதற்காக இருமடங்கு செய்யத் தொடங்கி மூன்றாநாட் கைவிடுதல் பலரிடத்துங் காணப்படுகின்றது.

வினா: தனியறை இல்லாதார் எங்கே இருப்பது?
விடை: வீட்டு முற்றம், கோயில் வீதி, மரநிழல் எதுவும் ஆகும். யோகர் சுவாமிகள் இளமையிற் கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதிக் களஞ்சியக் காப்பாளராய் இருந்தவர். பின்னர்க் கொழும்புத்துறையிலே ஒரு சிறு குடிலே அவர்க்கு உறையுளாயிற்று. இடத்தின் சிறுமை எவர்க்கும் தடையன்று.

வினா: தியானத்தின் முடிவான சோதனை யாது?
விடை: அதனைக் கூறியே இக்கட்டுரையை முடிப்பாம்.

8. மாவடிப்பள்ளி வீதி

2024 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6 ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆண்டுதோறும் டிசம்பர் 21 ஆம் நாளை உலக தியான நாளாகக் கொள்ளத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தைக் கொணர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

அதற்குச் சரியாகப் பத்து நாட்களின் முன்னர், நவம்பர் 26 ஆம் நாள், பெருமழையால் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தது. நிந்தவூர் மதரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணாக்கரை ஏற்றிய உழவியந்திரம் அந்நீரோட்டத்தில் அகப்பட்டுக் கவிழ்ந்தது. பிள்ளைகள் சிலர் உயிரிழந்தனர். சில நாட்கள் தேடியே அவருடல்களை மீட்டனர். அவர்கள் நம் பாடசாலைப் பிள்ளைகள் அல்லர் என்று எந்தச் சைவ ஆசிரியரும் சொல்லத் துணியார். விடுமுறை என்றவுடன் வீட்டை நினைந்து மகிழும் உள்ளம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே.

எவர்மீதும் குற்றஞ் சுமத்துதல் எம் கருத்தன்று. இந்நிகழ்ச்சி ஆசிரியராகிய நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. தியானமாவது விழிப்பு. காலையிற் பத்து நிமிடம் மூச்சை நோக்கிப் பழகிய கண், மாலையில் வானத்தையும் வீதியையும் நீரையும் நோக்கவேண்டும். எந்தப் பிள்ளை எவ்வழியாக வீடு செல்கின்றது, அவ்வழியில் எங்கே தாழ்நிலம், எந்த மழைக்கு எங்கே நீர் ஏறும் என்பன வகுப்பாசிரியர் உள்ளத்திலே இருத்தல் வேண்டும். மாரிகாலத்திற் பிள்ளை வராத நாளிலும், வந்த பிள்ளை நனைந்து நிற்கும் நாளிலும் முதலிற் பிறக்கவேண்டிய சொல் "ஏன் பிந்தினாய்?" என்னுங் கடுஞ்சொல் அன்று. "எவ்வழியே வந்தாய், மகனே?" என்னும் வினாவேயாம்.

ஆசிரிய அன்பர்காள்! இம்மாரி தொடங்குமுன்னே நும் வகுப்புப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயரின் எதிரிலும் அப்பிள்ளை வரும் வழியை எழுதிவைமின். நாளைக் காலையிற் செபத்துக்கு இருக்கும்போது அப்பெயர்களை ஒருமுறை மனத்தாற் படித்துத் திருவடியில் வைமின். அதற்கு வேறு பொழுது வேண்டா.

எல்லாப் பிள்ளைகளும் நலமே வீடு சேர்க.

திருச்சிற்றம்பலம்.